நெடுநாள் அதிராத பிளவுதான் அடுத்து அதிருமா?

சுழல்காற்று எழுதியது:

2025 மார்ச் 28 அன்று மியான்மாரில் 7.7 அளவில் பூகம்பம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்டில் ஓடும் சகாயிங் பிளவின் (பாறை உடைந்து இருபுறமும் நகரும் கோடு) நடுப்பகுதி நெடுங்காலமாகச் சும்மா கிடக்கிறது, பெரிதாக ஒன்று அங்கே வரலாம் என்று 2011-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டதாம். படித்ததும் "பரவாயில்லையே, கண்டுபிடித்துவிட்டார்களே" என்று நினைத்தேன்.

ஆனால் அதே வருடம் ஜூலைக் கடைசியில் ரஷ்யாவின் கம்சாத்காவில் 8.8 அளவில் ஒன்று வந்தது. அந்த இடம் 1952-ல் 9.0 அளவில் உடைந்த அதே இடம். நடுவில் 73 வருடம்தான். அமைதியாகக் கிடந்த இடம் உடையும் என்றால் சரி, ஒத்துக்கொள்ளலாம். நேற்று உடைந்த இடமும் இன்று உடைகிறது என்றால் இந்த "அமைதிக் கணக்கு" எதற்கு உதவும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாறைப்பித்தன் எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும்.

1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்குப் பிறகு ஹாரி ரீட் பழைய நில அளவைகளையும் புதிய அளவைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிளவுக்கு இருபுறமும் நிலம் பல பத்தாண்டுகளாக எதிரெதிர்த் திசையில் மெல்ல வளைந்துகொண்டே வந்திருக்கிறது. பிளவு மட்டும் உராய்வால் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்திருக்கிறது. பிடி விட்டதும் வளைந்ததெல்லாம் நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்தல்தான் பூகம்பம்.

இதிலிருந்து அடுத்த படி எளிது. ஒரு நீண்ட பிளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இருபுறமும் இருக்கும் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் அதன் நெடுகிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் நகர்கின்றன. எனவே கடைசியில் பிளவின் ஒவ்வொரு துண்டும் அதே தூரம் நகர்ந்தாக வேண்டும். மற்ற துண்டுகள் எல்லாம் கடந்த நூறு வருடத்தில் உடைந்து நகர்ந்துவிட்டன, நடுவில் ஒன்று மட்டும் அசையவில்லை என்றால் அந்தத் துண்டு பாக்கி வைத்திருக்கிறது. நில அதிர்வு இடைவெளி என்பது இதுதான். 1965-ல் சோவியத் விஞ்ஞானி ஃபெடோடோவ் கம்சாத்கா, குரில், வடகிழக்கு ஜப்பான் கரையோரத்தில் பெரிய பூகம்பங்கள் உடைத்த பகுதிகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தன. நிரம்பாத இடங்கள்தான் அடுத்து என்றார். அவற்றில் சில பிறகு உடையவும் செய்தன. (சுழல்காற்று கேட்ட கம்சாத்காவிலேயே இந்த யோசனை பிறந்தது என்பது தனி வேடிக்கை. அதற்குப் பிறகு வருகிறேன்.)

சகாயிங் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். வடக்கே 1946, 1956. தெற்கே 1929, 1930. நடுவில் ஏறத்தாழ 260 கி.மீ. நீளத்துக்கு ஒன்றுமில்லை. அங்கே கடைசிப் பெரிய பூகம்பம் 1839-ல். பிளவின் வேகம் வருடத்துக்குச் சுமார் 2 செ.மீ. 186 வருடம் என்றால் மூன்றரை மீட்டருக்கு மேல் பாக்கி. 2011 கட்டுரை 7.9 வரை வரலாம் என்று சொன்னது, வந்தது 7.7.

தாஸி ஊருக்குப் பக்கத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராவில் அது பதிவானது. வாயில் கதவு ஆடுகிறது, அப்புறம் திடீரென்று கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தரை முழுவதும் வலது பக்கமாக ஓடி நிற்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தார் படத்தைப் பிரேம் பிரேமாக அளந்தார்கள்: 1.3 விநாடியில் 2.5 மீட்டர். நூற்றாண்டுக் கணக்கில் தேங்கியது இரண்டு விநாடிக்குள் தீர்ந்துவிட்டது.

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

பாறைப்பித்தன் சொன்னது அழகாக இருக்கிறது. வெற்றி பெற்றவற்றை மட்டும் எடுத்துச் சொன்னால் எந்தக் கோட்பாடும் அழகாகத்தான் இருக்கும்.

1979-ல் பசிபிக் விளிம்பு முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, எங்கே ஆபத்து அதிகம், எங்கே குறைவு என்று ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். கடைசிப் பெரிய பூகம்பம் எப்போது என்பதுதான் அடிப்படை. 1991-ல் ககன், ஜாக்சன் இருவரும் உட்கார்ந்து பத்து வருடத்தில் வந்த பூகம்பங்களை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். நெடுநாள் அமைதிக்குப் பிறகு ஆபத்து கூடுகிறது என்ற கருத்தையே தரவு நிராகரிக்கிறது என்று எழுதினார்கள். பெரிய பூகம்பங்கள் கொத்தாகத்தான் வருகின்றன, அண்மையில் அதிர்ந்த இடத்துப் பக்கத்திலேயே மறுபடி வருகின்றன.

பார்க்ஃபீல்ட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலிபோர்னியாவில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சராசரியாக 22 வருடத்துக்கு ஒருமுறை 6 அளவில் வந்த இடம். அடுத்தது 1993-க்குள் வந்துவிடும், 95 சதவீதம் உறுதி என்று 1985-ல் அறிவித்து, உலகத்தில் எங்கும் இல்லாத அளவுக்குக் கருவிகளை நட்டு வைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-ல். அதுவும் எந்த முன்னறிகுறியும் காட்டாமல்.

இதைவிடக் கொடுமை டோக்காய். ஜப்பானில் 1944, 1946-ல் நங்காய் என்ற கடலடிப் பள்ளத்தின் மற்ற பகுதிகள் உடைந்தபோது கிழக்கு ஓரத்தில் டோக்காய் பகுதி மட்டும் விட்டுப்போனது. 1976-ல் எச்சரிக்கை கிளம்பியது. 1978-ல் அதற்கென்றே சட்டம். அறிகுறி தெரிந்தால் பிரதமர் அபாய அறிவிப்பு விட வேண்டும், ரயில்கள் நிற்க வேண்டும் என்று எல்லாம் தயார். நாடே டோக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1995-ல் கோபேயில் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். 2011-ல் தோஹோக்குவில் 9 அளவு. டோக்காய் இன்னும் வரவில்லை. 2017-ல் அந்த முன்னறிவிப்பு ஏற்பாட்டையே கைவிட்டார்கள்.

---

மின்மினி எழுதியது:

அப்போ இதுவும் ஜோசியம்தானா? 😀

---

நிலமளப்பவள் எழுதியது:

இல்லை மின்மினி. ஒத்துக்கமாட்டேன் சார் சொன்ன மூன்றும் உண்மை, ஆனால் மூன்றும் ஒரே வகைத் தோல்வி இல்லை. பார்க்ஃபீல்டில் இடம் சரி, அளவு சரி, காலம் 11 வருடம் பிசகியது. டோக்காயில் பிசகியது இடைவெளிக் கணக்கை விட, "சில நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம்" என்ற நம்பிக்கை. அது வேறு விஷயம். 1979 வரைபடத்துக்கு வந்த விமர்சனத்துக்கும் 1993-ல் பதில் வந்தது: அந்த வரைபடம் பேசியது தட்டு எல்லையையே உடைக்கும் மிகப்பெரிய பூகம்பங்களை, 7 அளவில் வந்தவற்றை எல்லாம் சேர்த்து எண்ணினால் எப்படி என்று கேட்டார்கள். அந்தச் சண்டை முழுசாகத் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது வேறு. "அமைதி" என்பது தனியாக எதையும் சொல்லாது. ஒரு பிளவு அமைதியாக இருக்க இரண்டு நேரெதிர்க் காரணங்கள் உண்டு. ஒன்று, அது இறுகப் பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று, அது சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது, எனவே எதுவும் தேங்கவில்லை. பழைய பூகம்பப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் தெரியும். 1979-ல் அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் அந்தப் பட்டியல்தான்.

கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் சான் ஹுவான் பவுட்டிஸ்டாவிலிருந்து பார்க்ஃபீல்ட் வரையுள்ள நடுப்பகுதி ஊரும் பகுதி. அங்கே சில இடங்களில் வருடத்துக்கு 3 செ.மீ. வரை தானாக நகர்கிறது. அருகில் ஹாலிஸ்டர் என்ற ஊர், அது கலவெராஸ் என்ற கிளைப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே நடைபாதை ஓரக்கல் நேராகப் போய்க்கொண்டிருக்கும், ஒரு இடத்தில் விலகி அடுத்த பக்கம் தொடரும். மதில் சுவர்கள் அதே கோட்டில் வளைந்திருக்கும். யாரும் இடிக்கவில்லை, பூகம்பமும் இல்லை. பிளவு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்ததுதான். அந்த மாதிரிப் பகுதியை இடைவெளி என்று குறித்து வைத்தால் வராத பூகம்பத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பூட்டியிருக்கிறதா, ஊர்கிறதா என்று தெரிந்துகொள்ள இப்போது ஜிபிஎஸ் நிலையங்கள் இருக்கின்றன. பிளவுக்கு இருபுறமும் கம்பங்களை நட்டு வருடத்துக்கு மில்லிமீட்டர் துல்லியத்தில் நகர்வை அளக்கிறோம். பிளவின் ஓரம் வரை தட்டின் முழு வேகத்தோடு போய், பிளவைத் தாண்டியதும் சட்டென்று மாறினால் ஊர்கிறது. பிளவை நெருங்க நெருங்க வேகம் குறைந்துகொண்டே வந்தால் பூட்டியிருக்கிறது. தரை அங்கே வளைகிறது என்று அர்த்தம்.

---

சுழல்காற்று எழுதியது:

இது எனக்குப் புரிகிறது, நன்றி தோழி. அப்படியென்றால் தோஹோக்குவில் ஏன் கோட்டைவிட்டார்கள்? ஜப்பானில் இல்லாத ஜிபிஎஸ்ஸா?

---

நிலமளப்பவள் எழுதியது:

கருவிகள் எல்லாம் கரையில் இருந்தன, பூட்டு கடலுக்கு அடியில் பள்ளத்தை ஒட்டி இருந்தது. கரையிலிருந்து 200 கி.மீ. தள்ளி நடப்பது கரைக் கருவிக்கு மங்கலாகத்தான் தெரியும். பள்ளத்துக்குப் பக்கத்தில் மேல்பகுதி இளகிய வண்டல், அது பூட்டாது என்று பலர் நம்பினார்கள். அங்கேதான் 50 மீட்டர் வரை நழுவியது. அதற்குப் பிறகு கடலடியில் ஒலிக்கருவிகளை வைத்து அளப்பது ஜப்பானில் பெருகிவிட்டது. கப்பல் மேலே ஜிபிஎஸ், கீழே ஒலி. நங்காய் பள்ளத்தில் எந்தத் துண்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று இப்போது வரைபடமே இருக்கிறது.

---

கடலோரன் எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். சின்னச் சின்ன பூகம்பம் அடிக்கடி வந்தால் நல்லதுதானே? கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்கி தீர்ந்துவிடுமே.

---

பாறைப்பித்தன் எழுதியது:

எல்லோரும் கேட்பது. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 7 அளவில் ஒன்று விடும் ஆற்றலை 5 அளவு பூகம்பங்களால் தீர்க்க ஆயிரம் வேண்டும். 8 அளவுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். இயற்கையில் 8-க்கு ஈடாக அத்தனை 5 எங்கும் வருவதில்லை. சின்னவை வட்டிகூடக் கட்டாது.

---

கடலோரன் எழுதியது:

சரி. அப்படியானால் மெக்சிகோ குரேரோ? அங்கே 1911-க்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

---

நிலமளப்பவள் எழுதியது:

குரேரோ சுவாரஸ்யமானது. அங்கே நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பிளவு மாதக்கணக்கில் மெதுவாக நழுவுகிறது. ஒருவருக்கும் தெரியாது, நில அதிர்வுமானிகூட ஒன்றும் சொல்லாது. ஜிபிஎஸ்ஸில் மட்டும் கம்பங்கள் திரும்பி நடப்பது தெரியும். மொத்த நழுவலைக் கணக்கிட்டால் 7.5 அளவு பூகம்பத்துக்குச் சமமானவையும் உண்டு. எனவே பாக்கியில் ஒரு பங்கு இப்படித் தீர்கிறது. எவ்வளவு மிச்சம் என்பதில்தான் வாதம். அதே மெக்சிகோவில் 1985-ல் மிச்சோவாக்கான் இடைவெளி 8.0 அளவில் உடைந்து, 350 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பழைய ஏரிப் படுகையின் இளகிய மண் அதிர்வைப் பெருக்கிவிட்டது. பக்கத்துப் பக்கத்து இடைவெளிகள், குணம் வேறு.

---

மட்டுறுத்துநர்: கிரகச் சேர்க்கையும் பூகம்பமும் பற்றிய பதிவு நீக்கப்பட்டது. தேதி குறித்துச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை இங்கே ஒட்ட வேண்டாம்.

---

மண்ணடுக்கு எழுதியது:

ஜிபிஎஸ் முப்பது வருடக் கதை. பிளவு ஒருமுறை உடைந்து மறுமுறை உடைய முந்நூறு, ஐந்நூறு வருடம் ஆகும்போது முப்பது வருட அளவை மட்டும் வைத்து என்ன செய்வது? அதனால் தோண்டுகிறோம்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கஸ்கேடியா என்று ஒரு தட்டெல்லை. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடம், ஆனால் தட்டுகள் உரசும் அந்த எல்லையில் சின்ன அதிர்வுகள்கூட ரொம்பக் குறைவு. இது வழுக்கிக்கொண்டு போகும் எல்லை, ஆபத்தில்லை என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். பிறகு வாஷிங்டன் மாநில ஓடைக்கரைகளில் செத்து நின்ற செடார் மரங்களையும், சதுப்புப் புல்வெளி மண்ணுக்கு நேர் மேலே ஒரு விரல்கடை மணலையும் பார்த்தார்கள். புல்வெளி ஒரே நாளில் தாழ்ந்து, அதன் மேல் சுனாமி மணலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மரவேர்களின் வளையத்தை எண்ணினால் 1699 இலையுதிர்காலத்துக்கும் 1700 வசந்தத்துக்கும் இடையில் செத்தவை. இன்னொரு பக்கம் ஜப்பானிய ஆவணங்களில் 1700 ஜனவரியில் ஒரு சுனாமி. ஆனால் பூகம்பத்தை யாரும் உணரவில்லை. அலை கடலைக் கடந்துவர ஆகும் நேரத்தைக் கழித்தால் 1700 ஜனவரி 26 இரவு. அளவு சுமார் 9.

நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவில் ஹொக்குரி ஓடையோரம் 8,000 வருடத்து வண்டல் அடுக்கில் 24 பூகம்பங்களை எண்ணியிருக்கிறார்கள். சராசரி 330 வருடம், அதுவும் வியக்கும்படி ஒழுங்காக. கடைசியாக உடைந்தது 1717. அடுத்த 50 வருடத்துக்குள் வர 75 சதவீதம் என்று 2021-ல் கணித்தார்கள். இது மாதிரி ஒழுங்கான பிளவு கிடைத்தால் "எத்தனை வருடம் அமைதி" என்பதற்கு நிஜமான மதிப்பு உண்டு. எல்லாப் பிளவும் இப்படி இருக்காது என்பதுதான் தொல்லை.

சுமாத்திராவில் மண்ணுக்குப் பதில் பவளம். பவளத் திட்டு தாழ்கடல் மட்டம் வரைதான் வளரும். கடலடித் தரை உயர்ந்தால் தலை செத்துப்போகும், தாழ்ந்தால் மறுபடி மேலே வளரும், வருடாவருடம் வளையம். அறுத்துப் பார்த்தால் மெந்தாவாய் தீவுகளில் 1797, 1833 பெரும் பூகம்பங்கள் அப்படியே தெரிகின்றன. அதற்கு முந்தையவையும் ஏறத்தாழ இருநூறு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்றாகச் சேர்ந்தே வந்திருக்கின்றன. 2007-ல் அங்கே 8.4 வந்தது, பாக்கியில் ஒரு பகுதிதான் தீர்ந்தது.

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

கேமரா, பவளம், செடார் எல்லாம் சரி. சுழல்காற்று கேட்ட கம்சாத்கா? யாருமே தொடவில்லையே.

---

பாறைப்பித்தன் எழுதியது:

தொடுகிறேன். அங்கே பசிபிக் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 8 செ.மீ. வேகத்தில் நுழைகிறது, சகாயிங்கை விட நான்கு மடங்கு. 73 வருடத்தில் கிட்டத்தட்ட 6 மீட்டர் சேர்ந்துவிடும். 8.8-க்கு அது போதாத தொகை இல்லை. அதனால் "நேற்று உடைந்தது" என்பதை வருடத்தில் பார்க்காமல் மீட்டரில் பார்க்க வேண்டும். கம்சாத்காவின் 73 வருடமும் சகாயிங்கின் 186 வருடமும் ஒன்றல்ல.

ரெண்டாவது காரணம் முக்கியமானது. ஒவ்வொரு பூகம்பமும் பாக்கியை முழுசாகத் தீர்த்து, கணக்கைப் பூஜ்யத்தில் நிறுத்துகிறது என்று பழைய இடைவெளிக் கோட்பாடு ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டது. அப்படி இல்லை. ஒரு பெரும் பூகம்பத்தில் சில திட்டுகள் பத்து மீட்டர் நழுவும், பக்கத்துத் திட்டு இரண்டு மீட்டரோடு நின்றுவிடும். மிச்சம் அடுத்த முறைக்குப் போகும். சிலியில் 1835-க்குப் பிறகு உடையாத இடைவெளியில் 8 முதல் 8.5 வரை வரலாம் என்று 2009-ல் எழுதினார்கள், 2010 பிப்ரவரி 27-ல் 8.8 வந்தது. அறிவியலின் வெற்றிதான். ஆனால் அதிகம் நழுவிய திட்டு இடைவெளிக்குள் இல்லை. 1928-ல் ஏற்கெனவே உடைந்த வடபக்கத்தில் இருந்தது. மியான்மாரிலும் பிளவு அந்த 260 கி.மீ.யோடு நிற்கவில்லை, 400 கி.மீ.க்கு மேல் கிழித்துக்கொண்டு போய் முன்பு உடைந்த பகுதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

என் பார்வையில் இடைவெளி என்பது எங்கே தொடங்க வாய்ப்பு அதிகம் என்று காட்டும். எங்கே நிற்கும் என்று காட்டாது. வரைபடத்தில் இடைவெளிக்கு வெளியே இருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று படிப்பதுதான் பெரிய ஆபத்து.

---

மின்மினி எழுதியது:

இமயமலை பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுங்கள் அண்ணா.

---

மண்ணடுக்கு எழுதியது:

நான் சொல்கிறேன். 1905 காங்ரா, 1934 பீகார்–நேபாளம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் மத்திய இமயமலை இடைவெளி என்கிறார்கள். அங்கே கடைசிப் பெரும் பூகம்பமாகச் சொல்லப்படுவது 1505. வருடத்துக்கு 2 செ.மீ. என்றால் பத்து மீட்டர் தொட்டுவிட்டது. 2015 கோர்க்கா (7.8) அதன் கிழக்கு ஓரத்தில் வந்தது, கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். ஆனால் ஆழத்தில் உடைந்ததே தவிர மலையடிவாரத்தில் மேற்பரப்பு வரை எட்டவில்லை. எனவே மேற்கே இருக்கும் பகுதி அப்படியே நிற்கிறது, கோர்க்கா பகுதியின் மேல்துண்டும் நிற்கிறது.

---

சுழல்காற்று எழுதியது:

கடைசியாக ஒன்று. இதெல்லாம் தெரிந்து என்ன செய்ய முடியும்? "30 வருடத்துக்குள் இத்தனை சதவீதம்" என்பதை வைத்துக்கொண்டு யாராவது வீட்டைக் காலி செய்வார்களா?

---

நிலமளப்பவள் எழுதியது:

காலி செய்ய இல்லை, கட்டிடம் கட்டத்தான். எந்த ஊரில் எந்த வலிமைக்குத் தூண் போடுவது, எந்தப் பழைய பள்ளியை முதலில் பலப்படுத்துவது, பாலம் எந்த அதிர்வைத் தாங்க வேண்டும் என்பதெல்லாம் இந்தச் சதவீதத்தில்தான் நிற்கிறது. சதவீதம் சின்னதாக இருந்தாலும் அலட்சியம் செய்ய முடியாது. துருக்கியின் வட அனத்தோலியப் பிளவில் 1939-லிருந்து பூகம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கி நடந்தன. ஒரு துண்டு உடைந்தால் அடுத்த துண்டின் மேல் தகைவு (பாறையை அழுத்தும், இழுக்கும் விசை) ஏறுகிறது. அதைக் கணக்கிட்டு 1997-ல் இஸ்மித் பக்கம் 30 வருடத்தில் 12 சதவீதம் என்று எழுதினார்கள். 12 என்பதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? 1999 ஆகஸ்ட் 17-ல் வந்தது, 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமாத்திராவில் இன்னும் வேகம்: 2004 டிசம்பர் பூகம்பம் தெற்கே தகைவை ஏற்றிவிட்டது என்று 2005 மார்ச் 17-ல் கட்டுரை வந்தது, மார்ச் 28-ல் நியாஸில் 8.6.

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

12 சதவீதம் சொன்ன இடத்தில் வந்தால் வெற்றி, 95 சதவீதம் சொன்ன இடத்தில் வராவிட்டால் "காலம் மட்டும் பிசகியது". நல்ல கணக்கு! ஆனாலும் நீங்கள் பூட்டையும் மீட்டரையும் வைத்துப் பேசுவது 1979-ஐ விட மேல், அதை மறுக்கவில்லை. அப்போ ஒரு நேரடிக் கேள்வி: இஸ்மித்துக்கு அடுத்த துண்டு மர்மரா கடல், இஸ்தான்புல்லுக்கு எதிரே. 2025 ஏப்ரல் 23-ல் அங்கே 6.2 வந்ததே, இடைவெளி அடைபட்டதா இல்லையா?

---

நிலமளப்பவள் எழுதியது:

இல்லை. அங்கே கடைசிப் பெரியது 1766. வருடத்துக்கு 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வைத்தாலும் நான்கு மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்க இடமுண்டு. 6.2 என்பது இருபது கி.மீ. அளவில் ஒரு துண்டு சில பத்து சென்டிமீட்டர் நழுவுவது. மேற்கு மர்மராவில் ஓரளவு ஊர்கிறது; நடுவில் கும்பர்காஸ் பகுதியில் கடலடி ஒலிக்கருவிகளை வைத்து வருடக்கணக்கில் அளந்தபோது பிளவுக்குக் குறுக்கே நகர்வே தெரியவில்லை, அதாவது பூட்டு. கிழக்கே தீவுகளை ஒட்டிய துண்டும் பூட்டியிருப்பதாகத்தான் கரை ஜிபிஎஸ் காட்டுகிறது. ஏப்ரல் 6.2 கும்பர்காஸ் பக்கத்தில்தான் உடைந்தது, கிழக்குத் துண்டைத் தொடவில்லை. அந்தத் துண்டின் மேல் தகைவு குறைந்திருக்க வழியில்லை, கூடியிருக்கலாம்.